வாடகைத் தாய் ஒப்பந்தத்தில் தாய்ப்பால்: எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது

பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சரசரவென்று இறங்கும். அடுத்த 30 முதல் 72 மணி நேரத்துக்குள் மார்பு கனத்து, சூடேறி, பால் கட்டும். கருமுட்டை யாருடையது, பிறப்புச் சான்றிதழில் யார் பெயர் ஏறப்போகிறது என்பதெல்லாம் மார்புக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் பாலைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் பால் வந்தே தீரும்.

அதனால் "வாடகைத் தாய் பால் கொடுக்க வேண்டும் என்று எழுதலாமா" என்பது இரண்டாவது கேள்விதான். வருகிற பாலை என்ன செய்வது, அதற்கு யார் பொறுப்பு என்பதே முதல் கேள்வி. பக்கம் பக்கமாகக் கருவைப் பற்றியும் ஸ்கேனைப் பற்றியும் எழுதிவிட்டு இதை விட்டுவிடும் ஒப்பந்தங்கள்தான் அதிகம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பால் கொடுப்பதைக் கடமையாக எழுதாதீர்கள், விருப்பமாக எழுதுங்கள், பாலை நிறுத்துவதற்கான ஏற்பாட்டை மட்டும் கட்டாயமாக எழுதுங்கள். ஏன், எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஒரு சொல் விஷயம். இந்தியச் சட்டத்தில் வாடகைக்கு இடமே கிடையாது. பெயரில் மட்டும் வாடகை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனி இங்கே 'சுமப்பவர்' என்றே எழுதுகிறோம்.

சட்டம் எதுவரை விடும்

2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கும் வாடகைத் தாய் முறை (ஒழுங்குபடுத்துதல்) சட்டம், 2021, தன்னலமற்ற முறையை மட்டுமே அனுமதிக்கிறது. சுமப்பவருக்கு மருத்துவச் செலவு, விதிகளில் சொன்ன மற்றச் செலவுகள், 36 மாதக் காப்பீடு ஆகியவற்றைத் தரலாம். இவை தவிர அவருக்கோ அவரைச் சார்ந்தவர்களுக்கோ கட்டணம், பரிசு, ஊக்கத்தொகை என்று எந்தப் பெயரிலும் பணம் போகக் கூடாது. பணம் வாங்கிச் சுமக்கும் வணிக முறைக்கான வரையறையில் அந்தச் சேவையின் உட்கூறுகளும் சேர்ந்தே வருகின்றன. "வாரத்துக்கு இவ்வளவு பால், அதற்கு இவ்வளவு ரூபாய்" என்று எழுதினால் அந்த வரையறைக்குள் இழுக்கப்பட நல்ல வாய்ப்பு உண்டு. வணிக முறை நடத்துபவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை நாடிப் போகும் தம்பதிக்கு முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு.

இரண்டாவது வேலியும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மே 24 அன்று வெளியிட்ட அறிவுறுத்தலில், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ அனுமதி இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பாலுக்கு விலை வைக்கும் எந்த வரியும் இங்கே நிற்காது.

பணம் இல்லாமல் வெறும் கடமையாக எழுதினால்? அதுவும் காகிதத்தோடு சரி. ஒருவரது உடலையும் மனதையும் முழுக்கச் சார்ந்த செயலை "செய்தே ஆக வேண்டும்" என்று நீதிமன்றம் உத்தரவிட்டு நிறைவேற்றிவைக்க முடியாது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டமும் இந்த மாதிரி ஒப்பந்தங்களை ஒதுக்கியே வைக்கிறது. நடைமுறையில் இன்னொரு சிக்கல்: பயமும் கோபமும் இருக்கும்போது பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் சரியாக வேலை செய்யாது, பால் இறங்காது. கட்டாயப்படுத்தி வாங்கக்கூடிய பொருளாகத் தாய்ப்பால் அமையவில்லை.

அமெரிக்க மாதிரி ஒப்பந்தங்களை இணையத்தில் இறக்கித் தமிழாக்கிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அங்கே சில மாநிலங்களில் வணிக முறை செல்லும்; பால் எடுத்து அனுப்புவதற்கு வாரக் கட்டணம் போடுவது அங்கே சகஜம். அந்தப் பத்தியை அப்படியே இங்கே ஒட்டினால் முழு ஒப்பந்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும். உங்கள் வரைவில் 'ஈட்டுத்தொகை', 'வாராந்திரக் கட்டணம்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள்.

எப்போது பேசுவது

28ஆம் வாரம் முதல் 32ஆம் வாரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும். கரு வைப்பதற்கு முன் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் கொள்கை வரிகள் போதும். விவரத்தைத் தனித் தாளில் பிறகு எழுதலாம். 36 வாரத்துக்கு மேல் தள்ளினால் அந்தத் தாள் ஆஸ்பத்திரிக் கோப்பில் சேருவதற்குள் பிரசவ வலி வந்துவிடும். இரட்டைக் குழந்தை என்றால் 28 வாரத்திலேயே பேசிவிடுங்கள்.

பேசும்போது தம்பதி அறையில் இருக்கக் கூடாது. மகப்பேறு மருத்துவரோ, ஆலோசகரோ, பாலூட்டல் பற்றித் தெரிந்த நர்ஸோ சுமப்பவரிடம் தனியாகக் கேட்கட்டும். சுமப்பவர் சொந்தத்தில் உள்ளவராக, நாத்தனாராகவோ சித்தி மகளாகவோ இருந்தால் இது இன்னும் முக்கியம். "அண்ணி, நீங்க இவ்வளவு செஞ்சாச்சு, பாலும் கொடுத்திருங்களேன்" என்று குடும்பமே சூழ்ந்து கேட்டால் அவர் எப்படி மறுப்பார்?

அவர் யோசிக்க வேண்டிய சங்கதிகள் வெளியாருக்குத் தோன்றாது. தெருவுக்குத் தெரியாமல் கர்ப்பம் சுமந்தவராக இருக்கலாம். ஜாக்கெட் நனைந்தால் பக்கத்து வீட்டில் கேள்வி வரும். சொந்தப் பிள்ளை "தம்பி எங்கே" என்று கேட்கலாம். குழந்தையை மார்பில் போட்டபின் பிரிவது சிலருக்கு இன்னும் கனமாகிவிடும். வேறு சிலருக்கோ, கொஞ்சம் பாலாவது கொடுத்தோம் என்பதே மனதை ஆற்றும். இன்னார் இப்படித்தான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவேதான் எந்த நாளும் முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்கள் இன்னொன்றையும் பேச வேண்டும். பால்குடி உறவு திருமணத் தடையை உண்டாக்கும் என்பதால், சுமப்பவரின் பிள்ளைகளுக்கும் இந்தக் குழந்தைக்கும் நாளை என்ன உறவு என்பதைப் பால் கொடுக்கும் முன்பே மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எழுத வேண்டிய வரிகள்

கீழே உள்ளவற்றை வழக்கறிஞர் உங்கள் நிலைக்கேற்பத் திருத்தட்டும். சுமப்பவருக்குப் புரியும் மொழியில் இருப்பது சட்டப்படியே அவசியம்; ஆங்கிலத்தில் அடித்துவிட்டு வாயால் விளக்குவது போதாது.

"குழந்தை பிறந்தபின் பால் ஊட்டுவதும், எடுத்துத் தருவதும், இரண்டும் செய்யாமலிருப்பதும் சுமப்பவரின் விருப்பம். இது இந்த ஒப்பந்தத்தின் கடமை அல்ல. ஒப்புக்கொண்ட பிறகும் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம்."

"தரப்படும் பாலுக்கு மி.லி. கணக்கிலோ, நாள் கணக்கிலோ, வேறு எந்தக் கணக்கிலோ பணமோ பொருளோ பரிசோ கிடையாது. பால் தராததால் வேறு எந்தச் செலவும் நிறுத்தப்படாது, குறைக்கப்படாது."

"பால் கட்டுதல், மார்பழற்சி, சீழ்க்கட்டி ஆகியவற்றுக்கான பரிசோதனை, மருந்து, அறுவைச் செலவுகளைத் தம்பதி ஏற்பார்கள். சுமப்பவர் பால் கொடுத்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து இது மாறாது."

"பால் நிறுத்தும் மருந்து எதையும் சுமப்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கொடுக்கக் கூடாது."

மூன்றாவது வரி மிகவும் முக்கியம். 36 மாதக் காப்பீடு பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களுக்கும் பொருந்தும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பாலிசியில் மார்பில் சீழ் கட்டினால் கிடைக்குமா, வெளிநோயாளியாகப் பார்த்த செலவு வருமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச அளவு, இத்தனை நாள் என்ற கெடு, பத்தியச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, தவறினால் அபராதம், பம்ப் செய்வதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை இவற்றில் ஒன்றும் வேண்டாம். கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

செலவு என்று வரும்போது ரொக்கம் கையில் கொடுக்காதீர்கள். பம்ப் வாடகை, பால் பைகள், ஐஸ் பெட்டி, பெட்டி அனுப்பும் கூலி எல்லாவற்றையும் கடைக்கும் நிறுவனத்துக்கும் நேரடியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். எந்தச் செலவு விதிக்குள் வரும் என்பதை முன்பே வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்: சீம்பால்

சுமப்பவர் சம்மதித்தால் எங்கள் பரிந்துரை இதோடு நிறுத்திக்கொள்வதுதான். ஆஸ்பத்திரியில் இருக்கும் மூன்று நான்கு நாள் சீம்பால் மட்டும். குழந்தைக்குப் பலன் அதிகம், சுமப்பவருக்குச் சுமை குறைவு, பிரிவும் இழுத்துக்கொண்டே போகாது.

நேரடியாக மார்பில் ஊட்டுவதா, பீச்சிக் கொடுப்பதா என்பதும் அவரது முடிவே. பீச்சுவதென்றால் முதல் இரண்டு மூன்று நாள் பம்பை வெளியே எடுக்காதீர்கள். சீம்பால் கெட்டியானது, சொட்டுச் சொட்டாக வரும். வருகிற 3 மி.லி. முழுக்கப் பம்பின் புனலிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். கைதான் சரி.

சோப்பால் கை கழுவி, மார்பை வெந்நீர்த் துணியால் இரண்டு நிமிடம் ஒற்றிக்கொள்ளட்டும். கட்டைவிரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே, காம்பின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் கருவளையத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்கித் தேய்க்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது. அங்கேதான் பலர் "பால் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். தாளம் பிசகாமல் தொடர்ந்தால் மஞ்சள் துளி காம்பில் முத்துப்போல நிற்கும். அதை 2 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளலாம், அல்லது வேகவைத்து ஆறவைத்த ஸ்பூனில் பிடிக்கலாம். ஒரு மார்பில் 5 நிமிடம், அடுத்ததில் 5 நிமிடம், திரும்ப முதல் மார்பு. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் சிறப்பு. சிசேரியன் என்றாலும் 6 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான, மாதம் நிறைந்த குழந்தை முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மி.லி. தான் குடிக்கும். இரண்டாம் நாள் 5–15, மூன்றாம் நாள் 15–30, நான்காம் நாள் 30–60 மி.லி. வெளியில் காத்திருக்கும் பாட்டி, "இத்தனூண்டு எப்படிப் பத்தும்" என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்க முயன்றால் தடுங்கள்; தேன் ஒரு வயது வரை கூடாது. பாலைப் பாலாடையில் (மூக்குள்ள சிறு கிண்ணம்) கொடுக்கலாம்: குழந்தையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, குழந்தை நக்க நக்கச் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது.

பீச்சும்போது அடிவயிறு சுண்டி வலிப்பது இயல்பே. ஆக்சிடோசின் கருப்பையையும் சுருக்குகிறது. ரத்தப்போக்கு கட்டுப்பட அதுவும் உதவுகிறது. சுமப்பவரிடம் இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்.

கரு வைத்த காலத்தில் போட்ட ஹார்மோன் மாத்திரைகள் பாலில் வருமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் 10–12 வாரத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கும். பாலில் சேர ஒன்றும் மிச்சமில்லை. ரத்த வகை பொருந்த வேண்டும் என்பதும் கிடையாது. பார்க்க வேண்டியவை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் பரிசோதனைகள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்தது போதாது. கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறை திரும்ப எடுங்கள். பி வகை இருந்தால் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டபின் பால் கொடுக்கலாம். சி வகையில் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் நிறுத்த வேண்டும். எச்.ஐ.வி. இருந்தால் அந்தப் பால் வேண்டாம்.

வீட்டிலிருந்து தொடர்வதென்றால்

இதற்கு ஒப்புக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள். பால் குறையாமல் இருக்க 24 மணி நேரத்தில் 8 முறை எடுக்க வேண்டும். அதில் ஒன்று நள்ளிரவுக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில். ஒருமுறைக்குப் பம்ப் 15–20 நிமிடம், கழுவிக் காயவைக்க 10 நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். ஆறு வாரத்துக்கு 168 மணி நேரம். கையில் குழந்தை இல்லாமல், அலாரம் வைத்து எழுந்து இதைச் செய்ய வேண்டும். தம்பதி இந்தக் கணக்கைத் தாங்களே ஒருமுறை எழுதிப் பார்த்தால் கேட்கும் தொனி மாறும்.

ஆஸ்பத்திரித் தரத்து இரட்டை மின்பம்பை வாடகைக்கு எடுங்கள். கைப்பம்ப் பயணத்துக்குச் சரி, எட்டு வேளைக்கு ஆகாது. பம்ப் வலித்தால் பெரும்பாலும் புனல் அளவுதான் தவறு. காம்பின் விட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து, அதோடு 2 முதல் 4 சேர்த்தால் சரியான அளவு. பெட்டியோடு வருவது வழக்கமாக 24 மி.மீ.; பலருக்கு 21 போதும். இழுவிசையை முழுக்கக் கூட்டினால் அதிகப் பால் வராது, புண்தான் வரும்.

பாகங்களை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் ஒட்டிப் படிந்துவிடும். பிறகு சோப்பு, வெந்நீர். நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் குழாயை மட்டும் நனைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

சாப்பாடு: முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் பிரசவத்துக்குப் பின் 180 நாள். பூண்டும் பால்சுறாவும் பிடித்தால் சாப்பிடட்டும், ஆனால் சுரப்பைக் கூட்டுவது மார்பு காலியாவதே. குழந்தை நேரடியாகக் குடிக்காமல் பம்ப் மட்டும் செய்யும்போது "பால் இருக்கு, கரு தங்காது" என்று நம்பியிருக்கக் கூடாது; கருத்தடையை ஆறு வாரப் பரிசோதனையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேமிப்பும் அனுப்புவதும்

வெளியில் 4 மணி நேரம் இருக்கலாம் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் நம் வீட்டு அடுப்படிக்கு அது பொருந்தாது. எடுத்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே பின்சுவரை ஒட்டி வையுங்கள். 4 டிகிரியில் 4 நாள் இருக்கும். தனிக் கதவுள்ள, −18 டிகிரி நிற்கும் ஃப்ரீசரில் 6 மாதம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஐஸ் பெட்டி அந்தக் குளிரைத் தொடாது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

ஒரு பையில் 60 முதல் 90 மி.லி. போதும். நிறைய ஊற்றினால் உறையும்போது விரிந்து தையல் விடும். தேதி, நேரம் எழுதிய பின் ஊற்றுங்கள். ஈரப்பையில் பேனா எழுதாது. தட்டையாகப் படுக்கவைத்து உறையவிட்டால் சீக்கிரம் உறையும், பெட்டியிலும் அடுக்கலாம்.

மின்வெட்டு வந்தால் ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மின்சாரம் வந்தபின் பையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே ஐஸ் படிகம் மிச்சமிருந்தால் திரும்ப உறையவைக்கலாம். முழுக்க உருகியிருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. சூடாக்கியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

உறைந்த பால் பைகளைச் சுற்றி ஐஸ் கட்டிகளைக் கொட்டி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. பால் −18இல் இருக்கிறது, ஐஸ் கட்டி 0 டிகிரியை நெருங்கிவிட்டது. பாலுக்கு அது அடுப்பு! நன்றாக உறையவைத்த ஜெல் பைகளை மேலும் கீழும் வைத்து, இடைவெளியைச் செய்தித்தாளால் அடைத்து, தெர்மாகோல் பெட்டியைப் பிளாஸ்டிக் டேப்பால் சுற்றுங்கள். குளிர்ந்த பால் அப்படி 24 மணி நேரம் தாங்கும். உறைந்தே போய்ச் சேர வேண்டுமானால் உலர் ஐஸ்தான் (கெட்டியாக்கிய கார்பன் டை ஆக்சைடு). அதை வெறும் கையால் தொடக் கூடாது, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கவும் கூடாது. விமானத்தில் ஒருவர் 2.5 கிலோ வரை, நிறுவனத்தின் முன் அனுமதியோடு கொண்டுபோகலாம்.

மதுரையில் எடுத்துச் சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் ஏற்றுவது முடியாத காரியமல்ல. ஆனால் வாரம் மூன்று முறை ஆறு வாரத்துக்கு நடக்குமா? நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் தூரமிருந்தால் சீம்பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உருகிய பால் சோப்பு வாடை அடித்தால் கெட்டுப்போனதல்ல. லிபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்திருக்கிறது. குழந்தை குடித்தால் கொடுக்கலாம். முகம் சுளித்தால், அடுத்த முறை எடுத்தவுடன் ஓரத்தில் சிறு குமிழ் வரும்வரை சூடாக்கி, உடனே குளிரவைத்து உறையவையுங்கள்.

நிறுத்துவது

பம்ப் செய்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு வேளையைக் குறைத்தால் எட்டு வேளை மூன்றரை வாரத்தில் பூஜ்யமாகும். ஆகவே "ஆறு வாரம்" என்று பேசினால் அது உண்மையில் ஒன்பதரை வாரம். பம்ப் வாடகையையும் அதுவரை கட்டுங்கள். குழந்தைக்குப் பால் வேண்டாம் என்றானதும் பம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதுதான் மார்பழற்சிக்கு நேர்வழி.

மார்பில் ஆப்பு வடிவில் சிவப்பு, தொட்டால் வலி, 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் அன்றே டாக்டர். அழுத்திப் பிசைந்து கட்டியைக் கரைக்க முயல்வது வீக்கத்தைக் கூட்டும்.

முதலிலிருந்தே பால் வேண்டாம் என்றவருக்கு வழி இரண்டு. மருந்தில்லாமல் என்றால்: நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம் ஒருமுறைக்கு 15–20 நிமிடம், வலிக்குப் பாராசிட்டமால், தாங்க முடியாதபோது இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பீச்சல். துணியால் இறுக்கிக் கட்டும் பழைய வழக்கம் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊரில் காலங்காலமாக உண்டு. அதை வேலூரில் மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். பூவும் வேலை செய்தது. சரத்தைத் தினம் மாற்ற வேண்டும், தோல் அரித்தால் எடுத்துவிட வேண்டும்.

மருந்தென்றால் கேபர்கோலின்: முதல் நாளில் 1 மி.கி. ஒரே தடவை. பால் ஊறிய பின்னால் 0.25 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். மருத்துவர் எழுதாமல் தொடக் கூடாது. குறிப்பாக, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியவருக்கு இது ஆகாது. பிறர் கருமுட்டையில் உருவான கருவைச் சுமப்பவர்களுக்கு அந்த அழுத்தச் சிக்கல் கூடுதலாகவே வருகிறது என்பதால், மாத்திரை கொடுக்கும் முன் பி.பி. அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு குழப்பம்: "வாடகைத் தாய் கேஸ்" என்று தெரிந்ததுமே ராத்திரி ட்யூட்டியில் வழக்கமாக அந்த மாத்திரையைக் கொடுத்துவிடலாம். அதன் வேலை பல நாள் நிற்கும். காலையில் மனம் மாறினாலும் பாலைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். முன்பு சொன்ன தனித் தாள் பிரசவ அறைக் கோப்பின் மேல் பக்கத்தில் இருக்க வேண்டியது இதற்காகவே.

பெற்றோர் பக்கத்தில்

குழந்தையின் அம்மாவே பால் கொடுக்க முயலலாம். கருப்பை இல்லாவிட்டாலும் மார்பும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் இருந்தால் போதும். வழக்கமான முறையில் சில மாதம் முன்பே ஹார்மோன் மாத்திரை தொடங்கி, பிரசவத் தேதிக்கு 6–8 வாரம் முன் அதை நிறுத்தி, நாளுக்கு எட்டு முறை பம்ப் செய்வார்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறையும் சிக்கலோ இருந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஆகாது. வாந்திக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டோம்பெரிடோனை இதற்காகத் தானாக விழுங்குவது ஆபத்து; இதயத் துடிப்பைக் குலைக்கும், ஈ.சி.ஜி. பார்த்தே தர வேண்டும். முழுப் பாலும் பெரும்பாலும் வராது. வந்த மட்டும் லாபம்.

வராவிட்டாலும் மார்பில் போட்டு ஊட்ட வழி உண்டு. 5 அல்லது 6 எண் ஃபீடிங் குழாயின் ஒரு முனையைப் பால் கிண்ணத்தில் விட்டு, மறுமுனையைக் காம்போடு சேர்த்துத் தோலில் டேப்பால் ஒட்டுங்கள். குழந்தை காம்பையும் குழாயையும் சேர்த்துக் கவ்வட்டும். கிண்ணத்தை உயர்த்தினால் வேகமாகப் பாயும், தாழ்த்தினால் குழந்தை உழைத்து உறிஞ்ச வேண்டும். மார்பின் மட்டத்துக்குக் கீழே வைத்தே தொடங்குங்கள். கிண்ணத்தில் சுமப்பவரின் பாலோ பால்பவுடரோ எதுவும் இருக்கலாம்.

தாய்ப்பால் வங்கியை நம்பித் திட்டம் போடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வங்கிகள் உண்டு, விலையும் இல்லை. ஆனால் அந்தப் பால் குறைமாதத்தில், குறைந்த எடையில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கே முதலில் போகும். மூன்று கிலோவில் பிறந்து வீட்டுக்கு வந்த குழந்தைக்குக் கேட்டால் இல்லை என்பார்கள், அதுவே நியாயம். பால்பவுடரில் வளர்ப்பதாக இருந்தால் டப்பாவில் போட்டுள்ள தண்ணீர் அளவை மீறாமல் கலக்குங்கள். மிச்சப்படுத்த நீர்க்கக் கலப்பது குழந்தையின் எடையைத் தின்னும்.

கணக்கு முழுக்க மாறும் இடம் ஒன்றுதான்: குறைப்பிரசவம். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்குக் குடல் அழுகும் நோயின் ஆபத்து உண்டு. தாய்ப்பால் அதைக் குறைக்கிறது. அதைச் சுமந்தவரின் பால் முதல் தரம், வங்கிப் பால் அடுத்தது. குடிக்கவே முடியாத நிலையிலும் கன்னத்தின் உட்புறம் பக்கத்துக்கு 0.1 மி.லி. சீம்பால் தடவுவார்கள். அந்த நேரத்தில் சுமப்பவரிடம் மறுபடி கேட்கலாம். ஆனால் கேட்பவர் குழந்தை மருத்துவராக இருக்கட்டும், ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டு நிற்கும் தம்பதி வேண்டாம். அவர் முடியாது என்றால் அடுத்த போன் வங்கிக்கு. அந்த எண்ணையும் பொறுப்பாளர் பெயரையும் 28ஆம் வாரத்திலேயே கோப்பில் எழுதிவையுங்கள்.